பாலிமர் கூட்டியும் கசடு வடியவில்லை என்றால்

குடிநீர் சுத்திகரிப்பில் படிகாரம் சேர்ப்பதால் சேரும் கசடை பெல்ட் பிரஸ்ஸில் (இரு வடிதுணிகளுக்கிடையே கசடை அழுத்தி நீர் பிழியும் இயந்திரம்) ஓட்டுகையில், பாலிமரை (கசடைத் திரளவைக்கும் வேதிப்பொருள்) கூட்டியும் நீர் வடியவில்லை என்று கேட்டிருந்தீர்கள். பாலிமரை இனியும் கூட்டாதீர்கள். முதலில் கால் பங்கு குறைத்து ஓட்டிப் பாருங்கள்.

படிகாரக் கசடு பெல்ட் பிரஸ்ஸில் ஓரமாகப் பிதுங்குகிறது, துணியில் ஒட்டுகிறது, வடிநீர் விரலில் வழுக்குகிறது என்கிறீர்கள். மூன்றும் சேர்ந்து வந்தால் பாலிமர் மிகையாகிவிட்டது என்றே சந்தேகிப்பேன். மிஞ்சிய பாலிமர் வடிநீரைப் பிசுபிசுப்பாக்கி, துணியின் கண்களை அடைத்துவிடும். அப்புறம் எவ்வளவு அழுத்தினாலும் தண்ணீர் இறங்காது.

உறுதிசெய்ய ஒரு சோதனை:

1. ஐந்து பீக்கர்களில் தலா 200 மில்லி கசடு எடுத்து, பாலிமர் கரைசலைப் படிப்படியாகக் கூட்டி ஊற்றுங்கள். ஒன்று இப்போதைய அளவாகவும், குறைந்தது மூன்று அதற்குக் கீழாகவும் இருக்கட்டும்.

2. ஒவ்வொன்றையும் இரு பீக்கர்களுக்கிடையே ஒரே எண்ணிக்கையில் மாற்றி ஊற்றிக் கலக்குங்கள். வேகமாக ஊற்றினால் பாலிமர் சேர்த்துப் பிடித்த கசடுத் திரள் உடைந்து முடிவு மாறிவிடும்.

3. புனலில் பெல்ட் துணித் துண்டை விரித்து ஊற்றி, 30 விநாடியில் வடிந்த நீரை அளந்து பாருங்கள். தெளிந்த நீர் நன்றாக வடியும் மிகக் குறைந்த அளவுதான் உங்களுக்கு வேண்டியது.

கரைசலையும் பாருங்கள். தூள் பாலிமர் என்றால் நீரில் ஊறி முழுதாக விரிய அரைமணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். மீன்கண் போல் கட்டிகள் மிதந்தால் அவ்வளவும் வீண்.

ஒன்று மட்டும்: படிகாரக் கசடு இயல்பிலேயே கூழ் போன்றது, நீரை விடாது. அளவு சரியானாலும் சாக்கடைக் கழிவுநீர்க் கசடு போல் உதிரும் கட்டியை எதிர்பார்க்க வேண்டாம். மழைக்காலத்தில் மூலநீர் கலங்கினால் இந்த அளவு பொருந்தாது, சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.