மலையில்லாத ஊரில் மண்சரிவு

அன்புள்ள ஐயா,

வயநாட்டு நிலச்சரிவு பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். நான் சாயல்குடிக்காரன். எங்கள் பக்கம் ஏறி நிற்க ஒரு குன்று கிடையாது, பனைமரம்தான் உயரம். சரிவதற்கு எதுவுமே இல்லாத எங்களுக்கு இந்தக் கதை எதற்கு? தவறாக நினைக்க வேண்டாம்.

ஒரு வாசகர், சாயல்குடி

அன்புள்ள நண்பருக்கு,

தவறாக நினைக்க என்ன இருக்கிறது? நானும் பரமக்குடிக்குக் கிழக்கே சமதரையில் வளர்ந்தவன்தான்.

ராமநாதபுரம் பெரிய கண்மாயில் வைகை கொண்டுவந்து போட்ட வண்டலை ஒரு கை அள்ளிப் பாருங்கள். அதில் வைகை பிறக்கும் வருசநாட்டு மலை இருக்கிறது. ஆறுதான் மலையை அறுத்துக் கொண்டுவருகிறது என்று நினைக்கிறோம். ஆறு அறுப்பது தன் அகலத்துக்கு மட்டும்தான். பள்ளத்தாக்கு அகலமாக விரிவது, இரு பக்கச் சரிவும் ஆற்றை நோக்கி இறங்கிக்கொண்டே இருப்பதால். ஆறு வெறும் வண்டிக்காரன். பாரம் ஏற்றிவிடுவது சரிவு.

2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டின் முண்டக்கையிலும் சூரல்மலையிலும் இறங்கியது அதன் கோர முகம். அதே வேலை சத்தமில்லாமலும் நடக்கிறது. மழையில் நனைந்த மண் சரிவை விட்டு வெளிப்பக்கமாக உப்பும். காயும்போது நேர்கீழாக அமரும். ஒவ்வொரு முறையும் மயிரிழை அளவு கீழே. வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான். ஆயுசு முழுக்கப் பக்கத்திலேயே குடியிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

கண்ணால் பார்க்க ஆசையென்றால் மலைக்குப் போகவேண்டாம், வாலிநோக்கம் பக்கம் மணல்மேட்டுக்குப் போங்கள். காற்றடிக்கும் பக்கம் லேசான சாய்வாக இருக்கும், மறுபக்கம் சாய்வு அதைவிடக் கூடுதல். அந்த மறுபக்க உச்சியில் காலால் லேசாகத் தட்டுங்கள். மணல் பாய் விரித்ததுபோலச் சறுக்கி, ஓர் இடத்தில் நின்றுவிடும். காய்ந்த மணல் ஏறக்குறைய முப்பது, முப்பத்துநான்கு பாகைக்கு மேல் நிற்காது. கொஞ்சம் ஈரம் இருந்தால் நிற்கும், அதனால்தான் பிள்ளைகள் மணல்வீடு கட்ட முடிகிறது. தண்ணீரை மேலும் ஊற்றினால் கூழாகி ஓடும். மண்ணின் இடுக்குகளில் நீர் நிறைந்து, துகளுக்குத் துகள் பிடிமானம் விட்டுப்போவதுதான் காரணம். வயநாட்டில் நடந்ததும் அடிப்படையில் இதுதான்.

இன்னொன்று. 1959 முதல் வைகை அணை குறுக்கே நிற்கிறது. வருசநாட்டிலிருந்து இறங்கிவரும் மண்ணில் பெரும்பகுதி அங்கேயே படிந்துவிடுகிறது. அணையைத் தூர்வாரும் பேச்சு எழும்போதெல்லாம், அது நம்ம ஊருக்கு வரவேண்டிய வண்டலாச்சே என்று எனக்கு அடித்துக்கொள்ளும்.