படைப்புழுவின் தாய் அந்துப்பூச்சியை அடையாளம் காண்பது எப்படி? கேள்வி பதில்

சாயல்குடியிலிருந்து ஒருவர்: அண்ணே, ராத்திரி வாசல் விளக்கில் சாம்பல் நிறப் பூச்சியாக வந்து விழுகிறது. மக்காச்சோளம் போட்டு இருபது நாள்தான் ஆகிறது. படைப்புழுவா?

விளக்குக்கு வருகிற சாம்பல் பூச்சி எல்லாம் மக்காச்சோளக் குருத்தைத் தின்னும் படைப்புழுவின் தாய்ப்பூச்சி இல்லை தம்பி, முதலில் அதைப் புரிந்துகொள்ளுங்கள். ஒன்றைப் பிடித்து முன் இறக்கையைப் பாருங்கள். ஆண் பூச்சி என்றால் இறக்கையின் நுனி மூலையில் முக்கோணமாக ஒரு வெள்ளைத் திட்டு இருக்கும், நடுவில் சாய்வாக வைக்கோல் நிறத்தில் ஒரு நீள்வட்டப் புள்ளி இருக்கும், இந்த இரண்டும் சேர்ந்து இருந்தால் பெரும்பாலும் அதுதான். பெண் பூச்சிதான் ஏமாற்றும். அதில் வெள்ளைத் திட்டு எடுப்பாகத் தெரியாது, மங்கலான சாம்பல் பழுப்பாகவே இருக்கும். பின் இறக்கை இரண்டுக்கும் ஒன்றுதான்: வெள்ளி போல வெளுத்து, ஓரத்தில் மெல்லிய கருங்கோடு. இறக்கையை விரித்தால் 3 முதல் 4 செ.மீ. வரும்.

இறக்கையை மட்டும் விரலால் தொடாதீர்கள். செதில் உதிர்ந்தால் அடையாளமே போய்விடும். டப்பாவில் போட்டு பிரீசரில் வைத்துவிட்டு, அப்புறம் குண்டூசியால் விரித்துப் பாருங்கள்.

கடலாடி அக்கா ஒருவர்: எங்கள் மிளகாயில் பார்த்த பூச்சியும் இப்படித்தான் இருந்தது.

மிளகாய் என்றால் எனக்கு வேறு இரண்டு பூச்சி மேல்தான் முதல் சந்தேகம் அக்கா. புகையிலை வெட்டுப்புழு, அதாவது நம் ஆட்கள் புரோடீனியா என்று சொல்வது, அதன் முன் இறக்கையில் வெள்ளைக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். காய்ப்புழுவின் பூச்சி வைக்கோல் நிறம், பின் இறக்கை ஓரத்தில் அகலமான கரும்பட்டை. படைப்புழு மிளகாயைத் தொடவே தொடாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அது முதலில் தேடுவது மக்காச்சோளம், அப்புறம் சோளம்.

தொண்டி பக்கம்: இனக்கவர்ச்சிப் பொறியில் விழுந்தால் உறுதிதானே சார்?

இல்லை. பெண் பூச்சியின் வாசனையை வைத்து இழுக்கிற பொறி அது, அதில் ஆண் பூச்சி மட்டும்தான் விழும், அதோடு வேறு இனப் பூச்சிகளும் வந்து சிக்கும். ஏக்கருக்கு 5 பொறி வையுங்கள், நல்லதுதான், ஆனால் விழுந்ததை எண்ணுவதற்கு முன் ஒவ்வொன்றின் இறக்கையையும் பாருங்கள். பூச்சி பழசாகி இறக்கை தேய்ந்திருந்தால் அதோடு மல்லுக்கட்டாமல் செடிக்குப் போய்விடுங்கள். குருத்தில் மரத்தூள் மாதிரி எச்சம் கிடக்கும், உள்ளே புழு இருக்கும். தலையில் தலைகீழ் 'ஒய்' போல வெளிர் கோடு, வால் பக்கம் கடைசிக்கு முந்தின கணுவில் சதுரமாக நான்கு கரும்புள்ளி. பூச்சியைவிடப் புழு அடையாளம்தான் நமக்கு எளிது, நம்பகமும் கூட.

மண்டபம்: இது இலங்கையிலிருந்து கடல் தாண்டி வந்ததா?

பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். 2016-ல் ஆப்பிரிக்காவில் தெரிந்தது, 2018 மே மாதம் இந்தியாவில் முதன்முதலாகக் கர்நாடகத்தின் சிவமொக்காவில் கண்டார்கள், இலங்கையிலும் அதே ஆண்டுதான். ஆகவே அங்கிருந்துதான் வந்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் காற்று வாகாக இருந்தால் ஒரே இரவில் 100 கி.மீ. பறக்கும் பூச்சிக்கு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் உள்ள சுமார் 30 கி.மீ. ஒரு தூரமே இல்லை.

திருப்புல்லாணி: பூச்சியைப் பார்த்ததும் மருந்து அடித்துவிடலாமா?

வேண்டாம்! தாய்ப்பூச்சிக்கு அடிக்கிற மருந்து வீண் செலவு, நன்மை செய்யும் குளவியும் சேர்ந்து சாகும். பூச்சி தென்பட்டால் மறுநாளிலிருந்து இலைகளைப் புரட்டுங்கள். நூறு, இருநூறு முட்டை ஒரே குவியலாக, மேலே சாம்பல் நிற ரோமம் மூடி இருக்கும். இரண்டு மூன்று நாளில் பொரிந்துவிடும், அதற்குள் இலையோடு கிள்ளி நசுக்குங்கள். தப்பிப் பொரிந்து குருத்தில் சிறுபுழு தெரிந்தால், வேளாண் அலுவலரிடம் புழுவையே காட்டி மருந்தையும் அளவையும் கேளுங்கள், குருத்துக்குள் இறங்கும்படி அடியுங்கள். புழு பெருத்து உள்ளே போன பிறகு எந்த மருந்தும் சரியாகப் போய்ச் சேராது.