டாக்டரிடம் கேளுங்கள்: மூன்றாம் மாதத்துக்கு ஓர் ஆள் வேண்டும்

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது. நுரையீரல் டி.பி. என்று அரசு மருத்துவமனையில் மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டான். இருமல் நின்றது, எடை 43 கிலோவிலிருந்து 47 ஆனது. இப்போது, "எனக்குத்தான் ஒன்றுமில்லையே, இன்னும் எதற்கு?" என்று மாத்திரையைத் தள்ளிவைக்கிறான். திட்டினால் கதவைச் சாத்திக்கொள்கிறான். என்ன செய்வது?
*- வாசகி, விழுப்புரம்*

பதில்: மூன்றாம் மாதத்தில் பலருக்கும் இப்படித்தான் மனம் விட்டுப்போகிறது. தம்பியைக் குறை சொல்லாதீர்கள். முதல் 2 மாதம் கொடுக்கும் மாத்திரையில் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட், எத்தாம்பியூட்டால் என்று நான்கு மருந்துகள். வேகமாகப் பெருகும் கிருமிகள் அதில் செத்துவிடுவதால் இருமலும் காய்ச்சலும் அடங்கிவிடும். பதுங்கிக் கிடக்கும் கிருமிகளுக்காகத்தான் பைரசினமைட் தவிர மற்ற மூன்றையும் இன்னும் 4 மாதம் தருகிறோம். இப்போது விட்டால் நோய் திரும்பலாம். வழக்கமான மருந்துக்கு அடங்காத டி.பி.யாகவும் மாறலாம்.

இதை அவரிடம் பத்து முறை சொல்லியிருப்பீர்கள். இனி அறிவுரை வேண்டாம், தினமும் வருகிற ஓர் ஆள் வேண்டும். அரசுத் திட்டத்தில் இவரைச் சிகிச்சை ஆதரவாளர் என்பார்கள். நண்பர், அண்டைவீட்டார், சுகாதாரப் பணியாளர் என யாராகவும் இருக்கலாம். ஆனால் திட்டுகிறவரே மாத்திரை கொடுக்கிறவராக இருக்கக் கூடாது. தம்பி மதிக்கும் ஒருவரைப் பிடியுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் பெயரைச் சொல்லிவையுங்கள்.

அவர் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தினமும் ஒரே நேரத்தில் வர வேண்டும். 35 முதல் 49 கிலோ வரை உள்ளவருக்கு 3 மாத்திரை. மூன்றையும் ஒரே வேளையில் தம்பி விழுங்குவதைப் பார்க்க வேண்டும். மாத்திரை அட்டையின் பின்புறம் முன்கூட்டியே பேனாவால் தேதி எழுதிவைத்தால் விட்டுப்போன நாள் தானாகத் தெரியும். மறந்துவிட்டால் அன்றைக்கே, நினைவு வந்ததும் போடலாம். மறுநாள் இரட்டிப்பாகப் போடக் கூடாது. குமட்டினால் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போடட்டும். அப்புறம் பத்து நிமிடம் உட்கார்ந்து கிரிக்கெட், வேலை, ஊர்க்கதை பேசட்டும். நோயைப் பற்றி மட்டும் வேண்டாம். மாதம் ஒருமுறை இருவரும் சேர்ந்து எடை பார்த்து, சுவர்க் காலண்டரில் எழுதுங்கள். 43, 47 என்று ஏறும் எண் நம் பேச்சைவிட நன்றாகப் பேசும்.

"எதற்கு?" என்பதற்குப் பின்னால் சொல்லாத பயம் இருக்கலாம், கேளுங்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவதை ரத்தம் என்று நினைத்துப் பயந்து நிறுத்தியவர்கள் உண்டு. அது ரிஃபாம்பிசினின் நிறம், கெடுதல் இல்லை. கால் மதமதப்பு இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், பைரிடாக்சின் (வைட்டமின் பி6) தருவார். கண் மஞ்சளானாலோ, பார்வை மங்கினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்னொன்று: தனித் தட்டு, தனி டம்ளர் வைத்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். டி.பி. காற்றில்தான் பரவும், தட்டில் பரவாது. சரியான மருந்து தொடங்கிச் சில வாரங்களிலேயே பரவும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். இரண்டு மாத முடிவில் எடுத்த சளி பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்திருந்தால் தயக்கமே வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். ஒதுக்கப்பட்ட வீட்டில் யாருக்கு மாத்திரை இறங்கும்?

காசநோய்ப் பிரிவில், குணமாகிப் பயிற்சி பெற்ற 'டிபி சாம்பியன்' யாராவது இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். அதே மாத்திரையை ஆறு மாதம் விழுங்கியவர் "முடிந்துவிடும் தம்பி" என்று சொன்னால் அந்தச் சொல்லுக்கு எடை வேறு.

கேள்வி: சிகிச்சை நடுவே வேலைக்காகத் திருப்பூர் போக வேண்டியிருக்கிறது. அங்கே யாரையும் தெரியாதே?
*- வாசகர், அரியலூர்*

பதில்: போவதற்கு முன் உங்கள் சுகாதார நிலையத்தில் சொல்லி, நிக்‌ஷய் எண்ணை (டி.பி. நோயாளிக்கு அரசு தரும் பதிவு எண்) வைத்துச் சிகிச்சையைத் திருப்பூருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்கான மாத்திரையாவது கையில் இருக்கட்டும். புது ஊரில் ஆள் கிடைக்கும்வரை வீட்டிலிருந்து ஒருவர் தினமும் வீடியோ காலில் பார்க்கலாம். டி.பி. நோயாளிகளுக்கு அரசு தரும் மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்து உதவி வரவில்லை என்றால் வங்கிக் கணக்கைச் சரிபாருங்கள். சந்தேகத்துக்குக் கட்டணமில்லா எண் 1800 11 6666.