பாபி சார்ல்டனின் கடைசி ஆண்டுகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்துக் கால்பந்து வீரர் பாபி சார்ல்டன் குறித்து நீங்கள் எழுதிய கட்டுரையின் முதல் பாதியை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் பாதியைப் படிக்காமல் விட்டிருக்கலாம் என்று தோன்றியது. மியூனிக் விமான விபத்தில் பிழைத்து வந்து, 1966இல் உலகக் கோப்பையையும் 1968இல் ஐரோப்பியக் கோப்பையையும் வென்ற மனிதரை, பராமரிப்பு இல்லத்தில் நாற்காலியிலிருந்து எழும்போது விழுந்த கிழவராக எங்களுக்கு ஏன் காட்டினீர்கள்? ஒருவர் ஆடிய ஆட்டத்தைச் சொன்னால் போதாதா? அவர் எதை மறந்தார், எப்படி விழுந்தார் என்பதெல்லாம் அவர் வீட்டுக் கதவுக்குள் இருக்க வேண்டியவை அல்லவா?

எனக்கு இதில் சொந்தக் காரணமும் உண்டு. நான் குமரிக் கடற்கரை ஊர்க்காரன். என் தாய்மாமா எங்கள் ஊர் அணிக்கு இருபது ஆண்டுகள் ஸ்டாப்பர் பேக்காக, அதாவது நடுத் தடுப்பாட்டக்காரராக ஆடியவர். உயர்ந்து வரும் பந்து எதுவும் அவர் நெற்றியைத் தாண்டிப் போனதில்லை என்று ஊரில் இன்றும் சொல்வார்கள். ஆறு ஆண்டுகளாக அவருக்கு ஓர்மை, அதாவது நினைவு, இல்லை. பழைய கூட்டாளிகள் பார்க்க வந்தால், திண்ணையில் காப்பி கொடுத்து, அவர் தூங்குகிறார் என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். பந்தைத் தலையால் முட்டியதால்தான் இந்த நோய் வருகிறது என்று நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் மாமா ஆடியதே தவறா?

எம்., கன்னியாகுமரி மாவட்டம்

*

அன்புள்ள எம்.,

உங்கள் முதல் குற்றச்சாட்டை ஏற்றுக்கொள்கிறேன். 2023 அக்டோபர் 21 அன்று சார்ல்டன் தம் 86ஆம் வயதில் இறந்தபின் நடந்த மரண விசாரணையில் அவர் விழுந்த விதம் விவரமாகச் சொல்லப்பட்டது; செய்தித்தாள்கள் அனைத்தும் அதை வெளியிட்டன. பொதுவில் கிடைக்கிறது என்பதே எழுதுவதற்குப் போதுமான காரணம் என்று அப்போது எண்ணினேன். நான் சொல்ல வந்ததற்கு, அவர் பராமரிப்பு இல்லத்தில் விழுந்ததைத் தொடர்ந்து இறந்தார் என்ற ஒரு வரியே போதும். மிச்சமிருந்த மூன்று வரிகளை நீக்கிவிட்டேன்.

ஆனால் நோயையே சொல்லியிருக்கக் கூடாது என்ற உங்கள் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அதை முதலில் வெளியே சொன்னது நானோ பத்திரிகையாளர்களோ அல்ல, அவருடைய மனைவி நார்மா. 2020 ஜூலையில் அண்ணன் ஜாக் சார்ல்டன் இறந்தார். அக்டோபர் 30 அன்று, மான்செஸ்டர் யுனைடெட்டிலும் இங்கிலாந்து அணியிலும் உடன் ஆடிய நாபி ஸ்டைல்ஸ் இறந்தார். இருவருக்குமே டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் இருந்தது. ஸ்டைல்ஸ் இறந்து இரண்டு நாட்களில், தம் கணவருக்கும் அதே நோய் என்ற செய்தி வெளிவருவதற்கு நார்மா இசைந்தார். அது தெரியவருவது மற்றவர்களுக்கு உதவக்கூடும் என்பதே அவர் சொன்ன காரணம். 1966 ஜூலை 30 அன்று வெம்ப்ளியில் மேற்கு ஜெர்மனிக்கு எதிராக இறங்கிய பதினொருவரில் ரே வில்சன், மார்ட்டின் பீட்டர்ஸ், ஜாக், ஸ்டைல்ஸ் ஆகியோருக்குப் பிறகு இந்நோய்க்கு ஆளானதாக வெளியே தெரிந்த ஐந்தாமவர் பாபி. தனித்தனியாகப் பார்த்தால் ஐந்து வீடுகளின் துயரம். ஐந்தையும் அருகருகே வைத்தபோதுதான் அந்த நாடு திடுக்கிட்டுப் பார்த்தது. நீங்கள் சொல்வதுபோல் அந்த ஐந்து வீடுகளும் கதவைச் சாத்திக்கொண்டிருந்தால், அருகருகே வைத்துப் பார்க்க எதுவுமே இருந்திருக்காது.

கதவு சாத்தப்பட்டிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜெஃப் ஆஸ்டிலின் கதையைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்துக்கு வெளியே அவரை அறிந்தவர்கள் குறைவு. வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் அணியின் சென்டர் ஃபார்வர்டான அவர், அந்த அணிக்காக 361 ஆட்டங்களில் 174 கோல்கள் அடித்தவர், 1968 எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில், கூடுதல் நேரத்தில், எவர்ட்டனுக்கு எதிராக விழுந்த ஒரே கோல் அவருடையது. பந்தைத் தலையால் முட்டுவதில் அவருக்கு நிகர் இல்லை என்று கொண்டாடப்பட்டார். 1970 உலகக் கோப்பையில் பிரேசிலுக்கு எதிராக எளிதான ஒரு வாய்ப்பைக் கோட்டை விட்டவர் என்பதையும் அந்த ஊர்க்காரர்கள் மறக்கவில்லை. ஓய்வுக்குப் பிறகு அவர் சன்னல் துடைக்கும் தொழில் நடத்தினார். ‘ஆஸ்டில் மூலைகளைத் தவற விடுவதே இல்லை’ என்று தம்மைத் தாமே கேலி செய்து வண்டியில் எழுதி வைத்திருந்தார். இந்த நகைச்சுவையுள்ள மனிதருக்கு 55 வயது வாக்கில் நினைவு தவறத் தொடங்கி, தாம் கால்பந்து ஆடியதே நினைவில்லாத நிலைக்கு வந்து, 2002 ஜனவரியில், 59ஆம் வயதில், மகளின் வீட்டில் உணவு தொண்டையில் அடைத்து இறந்தார். இதைச் சொல்லியிருப்பது அவர் குடும்பமே என்பதால்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்த ஆண்டு நவம்பரில் மரண விசாரணை அதிகாரி ஆண்ட்ரூ ஹேய் அளித்த முடிவு, தொழில்வழி நோய் என்பது. சுரங்கத் தொழிலாளியின் நுரையீரலில் நிலக்கரித் தூசு படிவதைப் போல, கால்பந்து வீரரின் மூளையில் அவர் தொழில் படிந்திருக்கிறது என்று அரசு அதிகாரி ஒருவர் எழுத்தில் வைத்துவிட்டார். அதன் பிறகு நாடே எழுந்திருக்கும் என்று நினைப்போம், எதுவும் நடக்கவில்லை. கால்பந்து அமைப்புகள் ஆய்வு செய்வதாகச் சொன்னார்கள். தொடங்கிய ஆய்வும் முடிவு காணாமல் கரைந்துபோனது. ஆஸ்டிலின் மனைவியும் மகள்களும்தான் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கிளாஸ்கோ நரம்பு நோய்க்குறியியலாளர் வில்லி ஸ்டூவர்ட், பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த ஆஸ்டிலின் மூளையை மீண்டும் ஆராய்ந்து, 2014இல் அது சி.டி.இ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மூளைச் சிதைவு என்று கண்டறிந்தார். திரும்பத் திரும்பத் தலையில் விழும் அடிகளால் வருவது அது. 1928இலேயே குத்துச்சண்டை வீரர்களிடம் அடையாளம் காணப்பட்டது. உயிரோடிருப்பவரிடம் அதை இன்றும் உறுதி செய்ய முடியாது. ‘கால்பந்து அப்பாவுக்குக் கொடுத்த அனைத்தையும் கால்பந்தே எடுத்துக்கொண்டது’ என்ற பொருளில் மகள் டான் ஆஸ்டில் பல இடங்களில் பேசினார். அவர் பேசப் பேசத்தான், எங்கள் வீட்டிலும் இப்படித்தான் என்று மற்றக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

ஸ்டூவர்ட்டின் குழு 2019 அக்டோபரில் வெளியிட்ட ஆய்வு இந்தப் பேச்சுகளின் விளைவு. ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை வீரர்கள் 7,676 பேரின் மரணப் பதிவுகளை, அதே வயதும் வாழ்நிலையும் கொண்ட 23,028 பொதுமக்களின் பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். மூளை நரம்புச் சிதைவு நோய்களால் இறந்தவர்கள் வீரர்களிடையே 1.7 சதவீதம், மற்றவர்களிடையே 0.5 சதவீதம், அதாவது ஏறத்தாழ மூன்றரை மடங்கு. அதே வீரர்கள் 70 வயது வரை மற்றவர்களைவிடக் குறைவாகவே இறந்தார்கள், இதய நோயும் நுரையீரல் புற்றுநோயும் அவர்களை அவ்வளவாகத் தொடவில்லை என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. நாம் அதைச் சேர்த்துச் சொல்வதே இல்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து அதே குழு வீரர்களை ஆடிய இடம்வாரியாகப் பிரித்துப் பார்த்தது. கோல்கீப்பர்களுக்கு மற்ற மக்களைவிடக் குறிப்பிடத்தக்க கூடுதல் ஆபத்து இல்லை. தடுப்பாட்டக்காரர்களுக்குச் சுமார் ஐந்து மடங்கு. ஸ்வீடனில் 2023இல் வெளிவந்த ஆய்வில் மொத்த ஆபத்து ஒன்றரை மடங்காகக் குறைந்தது. ஆனால் அங்கும் கோல்கீப்பர்களுக்குக் கூடுதல் ஆபத்து தென்படவில்லை. ஒரே மைதானம், ஒரே பயிற்சி, ஒரே சாப்பாடு. பந்தைக் கையால் பிடிப்பவருக்கு ஒன்று, தலையால் தடுப்பவருக்கு வேறொன்று. எண்ணிக்கையைவிட இந்த வேறுபாடுதான் என்னை நம்ப வைத்தது.

இதைப் படித்ததும் உங்கள் மாமா ஸ்டாப்பர் பேக் என்பது நினைவுக்கு வரும். ஆகவே அடுத்ததையும் உடனே சொல்லிவிடுகிறேன். ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பார்க்கும்போது தெரிவதை, ஒருவரைச் சுட்டி இவருக்கு இதனால்தான் என்று சொல்ல முடியாது. சார்ல்டன் சகோதரர்களையே பாருங்கள். ஜாக் லீட்ஸ் அணியின் நெடிய சென்டர் ஹாஃப், உங்கள் மாமாவைப் போல நடுவில் நின்று தடுப்பவர். தலையால் முட்டுவதே அவர் வேலை. பாபி தொலைவிலிருந்து இரு கால்களாலும் உதைப்பதற்குப் பெயர் பெற்றவர். 1968 ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் பென்ஃபிகாவுக்கு எதிராக அவர் தலையால் அடித்த முதல் கோல், வழக்கத்துக்கு மாறானது என்பதால்தான் இன்றும் பேசப்படுகிறது. இருவருக்கும் ஒரே நோய் வந்தது. அது பந்தாலா, ஒரே தாய் வயிற்றில் பிறந்ததாலா, எண்பதைக் கடந்ததாலா? பாபி 1958 பிப்ரவரி 6 அன்று மியூனிக்கில் இருக்கையோடு சேர்த்து விமானத்திலிருந்து தூக்கி எறியப்பட்டு, தலையில் காயத்துடன் மருத்துவமனையில் கிடந்தவர் என்பதையும் எந்தக் கணக்கில் சேர்ப்பது? என் கட்டுரையில் ‘தலையால் முட்டியதன் விலை’ என்று எழுதியிருந்தேன். ஆஸ்டிலுக்கு அது பொருந்தும்; ஸ்டைல்ஸின் மூளையிலும் இறந்தபின் சி.டி.இ. கண்டறியப்பட்டது, ஆகவே அவருக்கும் பொருந்தும். பாபிக்கு அப்படிச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. அந்த வரியையும் திருத்தியிருக்கிறேன்.

இன்னொன்று. மழையில் நனைந்து கல்லாய்க் கனத்த அந்தக் காலத்துத் தோல் பந்துதான் காரணம், இன்றைய பந்து இலேசானது என்று பலர் ஆறுதல் சொல்லிக்கொள்கிறார்கள். விதிப்படி உலர்ந்த பந்தின் எடை அன்றும் இன்றும் ஏறத்தாழ ஒன்றுதான். 410 முதல் 450 கிராம். பழைய பந்து நீரைக் குடித்தது உண்மை. ஆனால் கனத்த பந்து மெதுவாக வரும், இன்றைய பந்து விரைந்து வரும். ஸ்காட்லாந்து ஆய்வில் வீரர்கள் பிறந்த காலத்தைப் பொறுத்து ஆபத்து குறைந்ததாகத் தெரியவில்லை.

மாமா ஆடியது தவறா என்று கேட்டிருக்கிறீர்கள். தெரியாமல் செய்ததை எப்படித் தவறு என்பது? நாம் எல்லோரும் கைதட்டியவர்கள்தானே. 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில், தலையில் தையல் போட்ட இந்தியத் தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங் முன்கள வீரராக இறக்கப்பட்டு, இறுதியாட்டத்தில் தென்கொரியாவுக்கு எதிராகக் கோல் அடித்ததை எத்தனை முறை மெய்சிலிர்க்கச் சொல்லியிருப்பேன்! இப்போதும் அதைச் சொல்லும்போது எனக்குச் சிலிர்க்கத்தான் செய்கிறது. கூடவே சிறிய கூச்சமும் வருகிறது. இன்று அறிந்த பிறகு மாற்றாமல் இருந்தால்தான் தவறு. அமெரிக்காவில் 2015இலேயே பத்து வயதுக்கு உட்பட்ட சிறுவர்கள் தலையால் முட்டுவது நிறுத்தப்பட்டது. இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் 2020 முதல் தொடக்கப்பள்ளி வயதினருக்குப் பயிற்சியில் அது இல்லை. இங்கிலாந்தின் தொழில்முறை வீரர்களுக்கே, வேகமான பந்தை முட்டுவது பயிற்சியில் வாரத்துக்குப் பத்து முறை போதும் என்று வழிகாட்டுதல் வந்துவிட்டது. உங்கள் கடற்கரையில் மாலைதோறும் ஆடும் பொடியன்களுக்கு இதை யாராவது சொல்லியிருக்கிறார்களா?

காட்டாமலும் சொல்ல முடியும் என்பதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. மேற்கு ஜெர்மனிக்காக 62 ஆட்டங்களில் 68 கோல்கள் அடித்த கெர்ட் முல்லர், 2015 நவம்பரில் எழுபதைத் தொடவிருந்தார். விழா எடுக்கும் வயது. அதற்கு ஒரு மாதம் முன்பு பயர்ன் மியூனிக் கழகம் வெளியிட்ட அறிவிப்பு, அவருக்கு நெடுநாளாக அல்சைமர் நோய் இருக்கிறது என்றும், அவரையும் குடும்பத்தையும் தனிமையில் விடுமாறும் கேட்டுக்கொண்டது. 2021 ஆகஸ்டில் 75ஆம் வயதில் அவர் இறக்கும்வரை பெரும்பாலும் அப்படியே விட்டார்கள். ‘தூங்குகிறார்’ என்று சொல்லி அனுப்பத் தேவையில்லாத நிலை அது. உண்மையைச் சொல்லிவிட்டால் கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமையும் கிடைத்துவிடுகிறது.

‘ஓர்மை இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பக்கத்து அழகான சொல். ஆனால் அதுவும் சரி, மறதிநோய் என்ற பொதுச்சொல்லும் சரி, இந்த நோயைச் சிறியதாக்கிவிடுகின்றன. நினைவோடு அது நிற்பதில்லை. நடை தடுமாறும், நாளடைவில் விழுங்குவதும் மறந்துபோகும். மாமா சாப்பிடும்போது இருமுகிறார் என்றாலோ, வாயிலேயே உணவை வைத்துக்கொண்டிருக்கிறார் என்றாலோ, தயவுசெய்து உடனே நரம்பியல் மருத்துவரிடம் சொல்லுங்கள்; உணவை எந்தப் பக்குவத்தில், எப்படி உட்கார வைத்து ஊட்டுவது என்று சொல்லித் தருவார்கள். மாமியையும் யாராவது ஒருவர் வாரத்தில் ஒரு நாளாவது அந்த அறையிலிருந்து விடுவிக்க வேண்டும். ஆறு ஆண்டுகள் என்பது நீண்ட காலம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. மாமாவின் ஆட்டத்தைப் பற்றி எழுதி அனுப்புங்கள். எந்த ஆண்டுகளில், எந்தெந்த ஊர் அணிகளுக்கு எதிராக, எந்த மணலில் ஆடினார், எந்தப் பந்தைத் தடுத்ததை ஊர் இன்னும் பேசுகிறது என்பதையெல்லாம், திண்ணையில் காப்பி குடித்துவிட்டுப் போகும் அந்தக் கூட்டாளிகளிடமே கேட்டு எழுதலாம். வெளியிடுகிறேன். அதில் நோயைப் பற்றி ஒரு வரி இருக்க வேண்டுமா வேண்டாமா என்பதை நீங்களோ நானோ முடிவு செய்ய வேண்டாம். மாமியிடம் கேளுங்கள்.