மாதவிடாய்க்கு முந்தைய நாள்களில் மனைவி எரிந்து விழுகிறாள். கணவன் என்ன புரிந்துகொள்ள வேண்டும்?

கேள்வி கேட்டவருக்குத் திருமணமாகி ஓரிரண்டு ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கு 19 ஆண்டுகள் ஆகின்றன. அதில் முதல் 15 ஆண்டுகள் எனக்கும் இந்தக் கேள்வி இருந்தது. ஆனால் அதைக் கேட்கத் தோன்றியதில்லை, எல்லாம் தெரியும் என்ற நினைப்பு.

நான் மருத்துவன் இல்லை. திருச்சியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவன். ‘பெண்கள் விஷயத்தில் உனக்கென்ன பேச்சு’ என்று கேட்கப்போகிறவர்களுக்கு: இதை என் மனைவி படித்துப் பார்த்து, இரண்டு இடங்களில் அடித்துத் திருத்தியிருக்கிறாள். ‘மனைவிக்குப் பயந்தவன்’ என்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது நடந்தது. முசிறியில் இருக்கும் என் தம்பி ஆழ்துளைக் கிணறு போட 60,000 ரூபாய் கேட்டான். வீட்டில் சொல்லாமல் கொடுத்துவிட்டேன். சொல்லக் கூடாது என்றில்லை, பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அவள் பாஸ்புக்கைப் பார்த்துவிட்டாள். இரவு மாவு அரைத்துக்கொண்டே கேட்டாள், குரல் கொஞ்சம் உயர்ந்தது. நான் சுவரில் இருந்த காலண்டரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “என்ன, தேதி நெருங்கிவிட்டதா?” என்றேன்.

அவள் கிரைண்டரை நிறுத்தினாள். வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அப்போது அவளுக்கு 13 வயது. அன்று அவ்வளவுதான், ஒருவரும் பேசவில்லை. இரண்டு நாளில் மனைவிக்கு மாதவிடாய் வந்தது. நான் சொன்னது சரியாகப் போயிற்று என்று உள்ளுக்குள் ஒரு திருப்தி வேறு எனக்கு.

அது முடிந்த பிறகு ஓர் இரவு, சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் பாஸ்புக்கைக் கொண்டுவந்து வைத்தாள். குரலை உயர்த்தவே இல்லை. “இன்று தேதி இல்லை. இப்போது சொல்லுங்கள், 60,000 ரூபாய் எங்கே?”

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

உங்கள் கேள்விக்கு நான் சொல்லக்கூடிய பதிலில் முக்கால்வாசி இதுதான். அந்த வாரத்தில் அவள் கேட்பது பெரும்பாலும் இல்லாத ஒன்றை அல்ல. மற்ற மூன்று வாரமும் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிடுவதை அந்த வாரம் விட முடிவதில்லை, அவ்வளவே. ‘தேதி’ என்று சொல்லி வாயை அடைத்தால், அவள் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் தப்பித்துக்கொள்கிறோம்.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். நம் வீடுகளில் அந்த மூன்று நாளுக்குப் பெயர்கள் ஏராளம்: வீட்டுக்குத் தூரம், வீட்டு விலக்கு, மாதவிலக்கு. அதற்கு முந்தைய வாரத்துக்கு ஒரு பெயரும் இல்லை. அதனால் ஆண்களாகிய நமக்கு, ‘இன்னும் வரவே இல்லையே, அதற்குள் எதற்குக் கோபம்’ என்றுதான் தோன்றுகிறது. இந்த முந்தைய வாரத் தொல்லைகளுக்கு மருத்துவர்கள் சொல்லும் பி.எம்.எஸ். (பிரீமென்ஸ்ட்ருவல் சிண்ட்ரோம்) என்ற பெயரே 1953இல் லண்டனில் காத்தரினா டால்டன், ரேமண்ட் கிரீன் என்ற இரண்டு மருத்துவர்கள் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் புழக்கத்துக்கு வந்தது. என் அம்மா பிறந்த ஆண்டு அது. பாட்டிக்கும் அந்த வாரம் மாதந்தோறும் வந்திருக்கும். ‘ராங்கிக்காரி’ என்று பெயர் வாங்கியிருப்பாள்.

பாஸ்புக் விவகாரத்துக்குப் பிறகு மருத்துவரிடம் போனோம். முதலில் பார்த்தவர் தலை நிமிராமல் ஒரு டானிக் எழுதிக் கொடுத்து, “இன்னொரு குழந்தை பெற்றுக்கொண்டால் சரியாகிவிடும்” என்றார். 300 ரூபாய். அவரைப் பற்றி மேலே எழுதினால் கை வலிக்கும்.

இரண்டாவதாகப் பார்த்த அம்மையார் அரை மணி நேரம் உட்காரவைத்துப் பேசினார். சினைமுட்டை வெளியான பிறகு அடுத்த மாதவிடாய் வரையிலான ஏறக்குறைய இரண்டு வாரத்துக்குள்தான் இந்தத் தொல்லைகள் தலைகாட்டும், இரத்தப்போக்கு தொடங்கிய சில நாள்களில் அடங்கிவிடும் என்றார். கோபம் மட்டும் இல்லை. மார்பு வலி, வயிறு உப்புசம், தலைவலி, தூக்கம் கெடுவது, காரணம் தெரியாத அழுகை. என் மனைவிக்கு விரல்கள் வீங்கி மோதிரம் கழலாது. 15 ஆண்டுகள் பக்கத்தில் இருந்தும் அது எனக்குத் தெரியாது. அங்கே உட்கார்ந்துதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

“இவளுக்கு ஹார்மோன் அதிகமா?” என்று கேட்டேன். அளந்து பார்த்தால் பெரும்பாலும் மற்றவர்களுக்கு இருப்பதைப் போலத்தான் இருக்கும், அது ஏறி இறங்குவதற்கு மூளை காட்டும் எதிர்வினைதான் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது என்றார். ஆகவே இதை இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்க முடியாது. ஆனாலும் தைராய்டும் இரத்தசோகையும் இதே வேடத்தில் வரும் என்பதால் இரண்டையும் பார்க்கச் சொன்னார். ஹீமோகுளோபின் 9.4தான் இருந்தது, குறைவு. பிறகு, இரண்டு மாதம் தினமும் குறித்துக்கொண்டு வரச் சொன்னார். அந்தக் குறிப்புதான் சோதனை.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். முன்பெல்லாம் மாதக் காலண்டரில் பால் கணக்கு, தண்ணீர் கேன் கணக்கு, காஸ் வந்த தேதி எல்லாவற்றையும் எழுதக் கட்டத்துக்குள் இடம் இருக்கும். இப்போது ராகுகாலம், எமகண்டம், சந்திராஷ்டமம் என்று கட்டம் முழுவதும் அச்சடித்துவிடுகிறார்கள். மீதி இடத்தை நகைக்கடை விளம்பரம் பிடித்துக்கொள்கிறது. கணக்கு எழுதுகிறவன் வீட்டில் கணக்கு எழுதக் காலண்டரில் இடம் இல்லை! கடைசியில் ஒரு பழைய டைரியில்தான் குறித்தோம்.

அவள் தன் உடம்பைக் குறித்தாள். நான் ஒரு ஓரத்தில் சண்டைகளைக் குறித்தேன், எல்லாம் அந்த வாரத்தில்தான் வந்து விழும் என்ற நம்பிக்கையில். முதல் மாதம் கூட்டிப் பார்த்தேன். மொத்தம் 9 சண்டைகள். அந்த வாரத்தில் 3. பதினேழாம் தேதியிலிருந்து இருபதாம் தேதிக்குள் 4. அந்த நாள்களுக்கு எதிரே அவள் சின்னதாக ‘வ’ என்று எழுதிவைத்திருந்தாள். வரி. ஒவ்வொரு மாதமும் இருபதாம் தேதிக்குள் ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். சர்வர் வேலை செய்யாது, வாடிக்கையாளர் பில் அனுப்ப மாட்டார், நான் வீட்டுக்கு வந்து ரசத்தில் உப்பில்லை என்று கத்துவேன். ஆனால் என்னிடம் ஒருவரும் ‘தேதி நெருங்கிவிட்டதா’ என்று கேட்டதில்லை. பாவம், வேலைச் சுமை என்று காபி போட்டுக் கொடுத்தார்கள்.

இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை, அதற்கு யாரும் சண்டைக்கு வர வேண்டாம். எனக்கு விரல் வீங்குவதில்லை.

இப்போது என்ன செய்கிறோம்? அவள் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாள், மருத்துவர் சொன்ன கால்சியமும் நடைப்பயிற்சியும் தொடர்கின்றன. அந்த வாரத்தில் மாவு அரைப்பது என் வேலை, ஊரிலிருந்து விருந்தாளிகளை வரச் சொல்வதில்லை. ‘உனக்கு என்ன செய்தால் நன்றாக இருக்கும்’ என்று அந்த வாரத்தில் கேட்காதீர்கள், அதற்குப் பிறகு நிதானமாகக் கேளுங்கள். அவளுடைய தேதியை உங்கள் அம்மாவிடம் சொல்லாதீர்கள். (முதல் திருத்தம் இந்த வாக்கியம்தான், அவள் சேர்த்தது.)

சிலருக்கு இது இந்த அளவில் நிற்காது. வேலைக்குப் போக முடியாத அளவுக்கு மனச்சோர்வு, வாழவே பிடிக்கவில்லை என்ற பேச்சு மாதாமாதம் வந்தால் அது பி.எம்.டி.டி. எனப்படும் நோயாக இருக்கலாம். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013இல் அதைத் தனி நோயாகவே சேர்த்துவிட்டது. மருந்து உண்டு, சிலருக்கு மாதத்தில் அந்த இரண்டு வாரம் மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும். சாவைப் பற்றிப் பேசினால் ‘தேதி வந்தால் சரியாகிவிடும்’ என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இரவு நேரம் என்றால் 14416க்கு அழையுங்கள், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்.

தம்பியின் கிணற்றில் தண்ணீர் வந்துவிட்டது. பணத்தில் இன்னும் 22,000 ரூபாய் வர வேண்டியிருக்கிறது. நான் ‘மீதி கொஞ்சம்’ என்றுதான் எழுதியிருந்தேன். தொகையைப் போட்டது இரண்டாவது திருத்தம்.