காதில் கேட்கும் குரலும் தலைக்குள் ஓடும் ரத்தமும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் மூளை ரத்த ஓட்டத்தைப் பற்றித்தான்.

தம்பிக்கு 21 வயசு. ரெண்டு மாசமா யாரோ தன்னைப் பத்திப் பேசுறது கேக்குதுங்கான். மூளையில ரத்த அடைப்பா சார்? – அம்பாசமுத்திரம்

அடைப்பு இல்லை, பயப்படாதீர்கள். உடம்பு எடையில் மூளை 2 சதவீதம்தான், ஆனாலும் நாம் இழுக்கும் ஆக்சிஜனில் 20 சதவீதம் அதற்கே போகிறது. எந்தப் பகுதிக்கு வேலை அதிகமோ அங்கே ரத்தம் கூடுதலாகப் பாயும், கன்னடியன் கால்வாயில் நடவு நடக்கிற வயலுக்கு மடையைத் திறந்துவிடுகிற மாதிரி. இப்படி இல்லாத குரல் கேட்பது மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்ற மனநோயில் அடிக்கடி வருவது; அது நாள்பட்டு உள்ளவர்களுக்கு மூளையின் முன்பகுதியில் இந்த ஓட்டம் குறைவதை 1974-லேயே ஸ்வீடனில் இங்வாரும் ஃபிரான்ஸனும் காட்டினார்கள். நோய் தொடங்கும் கட்டத்திலோ, நினைவுகளைக் கையாளும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் ஓட்டம் கூடியிருப்பதைப் பிந்தைய ஆய்வுகள் பலவற்றில் பார்த்தார்கள். எல்லா ஆய்விலும் அப்படியே வந்தது என்று சொல்ல மாட்டேன். மடை தேவைக்கு மேல் திறந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அதனால் ரத்தத்தை இளக்கும் மாத்திரையெல்லாம் இதற்கு வேண்டாம்.

நகையை அடகு வச்சாவது எம்ஆர்ஐ எடுத்துருதோம். நோய் தெரிஞ்சிரும்லா? – பாளையங்கோட்டை

நகை பெட்டியிலேயே இருக்கட்டும். எம்ஆர்ஐ கருவியிலேயே, ஊசி எதுவும் போடாமல், கழுத்து வழியாக மேலே ஏறும் ரத்தத்தில் உள்ள நீருக்குக் காந்தத்தால் ஓர் அடையாளம் வைத்து, ஓரிரு விநாடி கழித்து அது மூளையில் எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று படம் பிடிக்கிற முறை ஒன்று உண்டு, அருமையான முறை. ஆனால் அது இருபது முப்பது பேரின் சராசரியை இன்னொரு கூட்டத்தோடு ஒப்பிட உதவும், உங்கள் பிள்ளை ஒருவனின் படத்தை வைத்து நோய் உண்டு, இல்லை என்று சொல்ல உதவாது. காலையில் ஒரு காபி குடித்தாலே அந்த ஓட்டம் குறைந்துவிடும்! வலிப்பு, காய்ச்சல், குழப்பம் சேர்ந்து வந்தால் மருத்துவரே ஸ்கேன் கேட்பார், அப்போது தயங்காமல் எடுங்கள்.

மாத்திரை ரத்த ஓட்டத்தை மாத்துமா? – மேலப்பாளையம்

மனச்சிதைவுக்குத் தரும் மாத்திரை மாற்றும், சில பகுதிகளில் முதல் வேளையிலேயே. ஆனால் நாங்கள் பார்ப்பது தூக்கம் வந்ததா, குரல் குறைந்ததா என்றுதான். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கோயில் கொடை முடியட்டும், அப்புறம் ஆஸ்பத்திரின்னு அத்தை சொல்லுதாங்க. – திசையன்விளை

கொடைக்குப் போங்கள், திருநீறு பூசுங்கள், மாத்திரையும் அன்றைக்கே தொடங்கட்டும். போன வருஷம் என்னிடம் ஒரு பையனைக் கூட்டிவந்தார்கள், கழுத்தில் மூன்று தாயத்து, இடது மணிக்கட்டில் கயிறு அறுத்த தழும்பு, குரல் கேட்க ஆரம்பித்து எட்டு மாதம் ஆகியிருந்தது. இப்போது தேறிவருகிறான், இருந்தாலும் அந்த எட்டு மாதம் எனக்கு இன்னும் ஆறவில்லை. சிகிச்சை தள்ளிப்போகப் போகக் குணமாவதும் மெதுவாகிறது. கட்டிவைப்பது கூடவே கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை, 28 பேர் இறந்தார்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குப் போன் செய்தால் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

குரல் கேக்குன்னு மகன் சொன்னா நான் என்ன சொல்லட்டும் ஐயா? – கடையம்

“அப்படி ஒண்ணும் இல்லல”ன்னு அடித்துப் பேசாதீர்கள் அம்மா, ஆமாம் என்றும் தலையாட்டாதீர்கள். “எனக்குக் கேக்கலப்பா, ஆனா உனக்குக் கேட்டா பயமாத்தான இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். செத்துப்போ என்று அந்தக் குரல் சொல்வதாக அவன் சொன்னால் மட்டும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த ராத்திரியே கூட்டிப்போங்கள்.