ஒரே உருவம், வேறு வேறு வீடு: சொற்களைப் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: மகள் பள்ளியில் இந்தி படிக்கிறாள். 'ஆம்' என்றால் மாம்பழம், 'கல்' என்றால் நாளை என்கிறாள். இப்படி இன்னும் உண்டா?

ஏராளம். அந்தக் 'கல்'லுக்கு நேற்று என்றும் பொருள். எந்த நாள் என்பதை வாக்கியத்தின் வினைச்சொல்தான் சொல்லும். 'பல்' என்றால் நொடிப்பொழுது, 'மான்' என்றால் மரியாதை. சிலர் 'பால்' என்ற சொல்லையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள்; இந்தியில் அதற்கு முடி என்று பொருள். நான் சேர்க்க மாட்டேன். அதன் முதல் ஒலி 'பஸ்' என்பதில் வரும் ப, 'பழம்' என்பதில் வரும் ப அன்று. இரண்டுக்கும் நம்மிடம் ஒரே எழுத்து இருப்பதால் வந்த மயக்கம் அது.

கேள்வி: கோலாலம்பூருக்கு வேலைக்கு வந்திருக்கிறேன். தண்ணீர்க் கட்டண ரசீதில் ஆங்கில 'ஏர்' அச்சாகியிருக்கிறது. காற்றுக்குமா கட்டணம்?

அதே மூன்று எழுத்துகளை மலாய்க்காரர்கள் 'ஆயர்' என்பதுபோல் படிப்பார்கள், பொருள் தண்ணீர். (நம் காதுக்கு மாடு மேய்ப்பவர்கள் வந்துவிடுவார்கள்.) உறவே இல்லாத மொழிகள் ரோமன் எழுத்தைப் பகிர்ந்துகொண்டதால் இந்த வேடிக்கை பெருகியது. துருக்கியம் 1928-இல்தான் அதற்கு மாறியது. ஆங்கிலத்தில் 'மேல்' என்ற பொருளில் நாம் 'ஆன்' என்று படிக்கும் இரண்டு எழுத்துகளைத் துருக்கியர் 'ஒன்' என்று படிப்பார்கள்; அவர்களுக்கு அது பத்து. ஃபின்லாந்துக்காரருக்கு அதே இரண்டு எழுத்துகள் 'இருக்கிறது'. ஆங்கிலத்தில் வீட்டைக் குறிக்கும் 'ஹோம்' ஃபின்னிஷில் பூஞ்சணம். ஹங்கேரியத்தில் 'ஹேட்' தொப்பி அன்று, ஆறு என்ற எண். 'ஃபாக்' மூடுபனி அன்று, பல்.

கேள்வி: மலாயில் கப்பலுக்குக் 'கபால்', கடைக்குக் 'கெடாய்' என்கிறார்களே, இதுவும் தற்செயலா?

இல்லை, அவை நம்மிடமிருந்து போனவை. கப்பலும் வணிகரும் போன வழியில் சொல்லும் போயிருக்கிறது. கடன் வாங்கிய சொல்லை உறவுக்குச் சாட்சியாக நிறுத்த முடியாது.

கேள்வி: நன்றி சொல்லும் ஜப்பானிய 'அரிகாதோ', அதே பொருளுள்ள போர்ச்சுகீசிய 'ஒப்ரிகாதோ'விலிருந்து வந்ததுதானே?

இல்லை. போர்ச்சுகீசியர் ஜப்பானில் கால்வைத்தது 1543-இல். 'அரிகாதோ'வின் மூலச்சொல் அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது.

கேள்வி: கொரியர்களும் 'அப்பா' என்கிறார்கள், அம்மாவை 'ஒம்மா' என்கிறார்கள், 'நான்' என்பதற்கு 'நா'. கொரியம் தமிழிலிருந்து பிறந்தது என்று சொன்னால் ஏன் மறுக்கிறீர்கள்?

உங்களுக்கு முன்பே ஒருவர் முயன்றிருக்கிறார். ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905-இல் ஒரு நூலே எழுதினார். இன்றைய மொழியியலாளர்கள் அதை ஏற்பதில்லை. அப்பாவையும் அம்மாவையும் சான்றாகக் கொண்டுவராதீர்கள். உதட்டை மூடித் திறந்தால் வரும் ஒலிகள் அவை. எந்த ஊர்க் குழந்தைக்கும் முதலில் வாய்ப்பவை. குழந்தை எதையோ உளற, பெற்றவர்கள் அதைத் தங்கள் பெயராக எடுத்துக்கொள்கிறார்கள். யார் எதை எடுத்துக்கொள்வது என்பது ஊருக்கு ஊர் மாறும். ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா, 'தேதா' என்றால் அம்மா. நம் வீட்டு மாமாவோ அம்மாவின் தம்பி!

கேள்வி: உருவம் ஒத்துப்போகலாம், சரி. பொருளும் சேர்ந்தா தற்செயலாக ஒத்துப்போகும்?

போகும். ஆஸ்திரேலியாவின் வடக்குக் குவின்ஸ்லாந்தில் அழிந்துகொண்டிருந்த மபாபரம் மொழியைப் பதிவு செய்ய மொழியியலாளர் ஆர். எம். டபிள்யூ. டிக்சன் போனார். அதைப் பேசத் தெரிந்த முதியவர் ஆல்பர்ட் பென்னட்டிடம் நாய்க்கு என்ன சொல் என்று கேட்டார். வந்த பதில், 'டாக்'. ஆங்கிலத்தில் எப்படியோ அப்படியே. பெரியவர் கேள்வியைத் திருப்பிச் சொல்லவில்லை, ஆங்கிலத்திலிருந்து கடனும் வாங்கவில்லை. அண்டை மொழியான யிதினில் நாய்க்குப் பெயர் 'குடகா'. மபாபரத்தில் முதல் அசை உதிர்ந்தது, கடைசி உயிரும் போனது, நடு உயிர் திரிந்தது, மிஞ்சியது 'டாக்'. பக்கத்து மொழிகளோடு ஒப்பிட்டால் மபாபரத்தின் மற்றச் சொற்களிலும் இதே தேய்மானம் தெரிகிறது.

கேள்வி: அப்படியானால் உறவை எதை வைத்துத்தான் முடிவு செய்வது?

ஒழுங்கை வைத்து. தமிழில் பால், கன்னடத்தில் ஹாலு. பல்–ஹல்லு, புலி–ஹுலி, பூ–ஹூவு. கேட்டால் அவ்வளவாக ஒத்திருக்கவில்லை. ஆனால் தமிழில் சொல்லின் முதலில் ப வரும் இடத்தில் கன்னடத்தில் ஹ வருவதைச் சொல் சொல்லாகக் காட்டலாம். பழைய கன்னடக் கல்வெட்டுகளைப் பார்த்தால் அங்கும் ப-வே இருந்திருக்கிறது. இந்தியின் 'பல்' நம் பல்லோடு ஓர் எழுத்துக்கூட மாறாமல் பொருந்தும். ஆனால் அதைப் பின்தொடர்ந்து இரண்டாவது சொல் வராது.

கேள்வி: 'ஒன்று'–'ஒன்', 'எட்டு'–'எய்ட்'? இதற்குமா மறுப்பு?

இதற்கும். பழைய ஆங்கிலத்தில் ஒன்று 'ஆன்', எட்டு 'எயஹ்த'. எட்டுக்கு லத்தீனில் 'ஒக்தோ', சமஸ்கிருதத்தில் 'அஷ்ட'. பின்னோக்கிப் போகப் போக அவை ஒன்றையொன்று நெருங்குகின்றன, நம் எட்டைவிட்டு விலகுகின்றன. 'ஆறு', 'ஏழு' இரண்டுக்கும் ஆங்கில ஜோடி கிடைத்தால் எழுதுங்கள், பேசுவோம்.